உள்ளங்கால்

ஸிஸ்டைன் தேவாலயத்தின் கூரையில் கடவுளின் உள்ளங்கால் தெரிகிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சூரியனையும் சந்திரனையும் படைக்கும் கட்டத்தில் மைக்கேலாஞ்சலோ கடவுளை இரண்டு தடவை வரைந்திருக்கிறார். ஒன்றில் முகம் காட்டி, இரண்டு கைகளையும் வீசி, கோபமா அவசரமா என்று சொல்ல முடியாத வேகத்தில் வருகிறார். பக்கத்திலேயே இன்னொன்றில், முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார். போகிறவருடைய பின்புறமும் பாதங்களின் அடியும்தான் நமக்கு மிச்சம். திருவண்ணாமலைக் கதையில் பன்றியாக மாறி மண்ணைக் குடைந்துகொண்டு போன விஷ்ணுவுக்கே அகப்படாத ஒன்று, இங்கே தலைக்கு மேல் சுமார் 20 மீட்டர் உயரத்தில் 1512-லிருந்து இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆதாமின் விரல் எங்கே என்று தேடி, கண்டுபிடித்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வெளி வாசலைப் பார்க்க நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

2019 மே மாதத்தில் ஒரு நாள். வாத்திகன் மியூசியங்களுக்கு ஆண்டுக்கு 60 லட்சம் பேருக்கு மேல் வந்துகொண்டிருந்த காலம். அன்று காலை அதில் ஒரு கணிசமான பகுதி எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றது போலத் தோன்றியது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை காவலர் 'ஸிலென்ஸியோ' என்று கத்துவார். கூட்டம் அடங்கும். மறுபடி முணுமுணுப்பு எழும்பும். மௌனத்தைக் கத்தித்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர் சன்னதிகளில் 'நகருங்க, நகருங்க' என்கிற குரலுக்கும் இதற்கும் வித்தியாசம் பாஷையில் மட்டும்தான்.

என்னை அழைத்துப் போனது என் அக்கா மகன். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை. மாமாவுக்கு ரோமாபுரியைக் காட்டிவிட வேண்டும் என்று மூன்று நாள் லீவு போட்டு வந்திருந்தான். நாள் முழுவதையும் செல்போனில் அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தான். "மாமா, இங்க நாப்பது நிமிஷம். அதுக்கு மேல நின்னா அடுத்தது எல்லாம் தள்ளிப் போயிடும்." நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாகப் புத்தகங்களில் பார்த்துப் பார்த்து அலுக்காத ஒன்றின் கீழே நிற்கிறேன், கழுத்து வலிப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் நேரவில்லை. ஒப்புக்கொள்ளாமல் விடுவது யோக்கியமல்ல.

நான் அறிந்திருந்த கூரை இதுவும் அல்ல. சென்னையில் ஒரு நூலகத்தில், எழுபதுகளில், கனமான ஒரு ஆல்பத்தில் நான் பார்த்தது புகை மூட்டமான ஒரு கூரை. அந்த இருட்டை மைக்கேலாஞ்சலோவின் துக்க தரிசனம் என்று நானும் எழுதியிருக்கிறேன். 1980-ல் தொடங்கி 1994 வரை நடந்த சுத்தப்படுத்தலில் இளஞ்சிவப்பும் பச்சையும் எலுமிச்சை மஞ்சளும் துலங்கி வந்தன. துக்க தரிசனம் என்று நாங்கள் கொண்டாடியதில் பெரும் பங்கு மெழுகுவர்த்திப் புகை. இப்படிச் சுத்தம் செய்ததே தவறு, ஓவியரே பூசிய நிழல்களும் போய்விட்டன என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேர எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கரியை ஆன்மீகம் என்று படித்த விமர்சகன் என்ற முறையில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பக்கத்தில் புனித பேதுரு பேராலயம். அங்கே பியேட்டா, 1972-ல் ஒருவன் சுத்தியலால் அடித்து உடைத்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால், தூரத்தில். மடியில் மகனைக் கிடத்திய தாய், நகைக் கடை ஷோகேஸில் இருப்பது போல. கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெளிவாகத் தெரிந்தன. சீக்கிரம் நகர்ந்துவிட்டோம்.

நின்றது பேதுருவின் வெண்கலச் சிலை முன்னால். 13-ஆம் நூற்றாண்டில் அர்னோல்ஃபோ தி காம்பியோ வார்த்தது என்கிறார்கள். ஆசனத்தில் அமர்ந்து வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்கிறார். அந்தப் பாதத்துக்கு விரல்கள் இல்லை. தொட்டும் முத்தியும் நூற்றாண்டுகளாக ஜனங்கள் விரல்களைத் தேய்த்துவிட்டார்கள். வெல்லக் கட்டியை எறும்பு தின்றதைப் போல வழவழவென்று ஒரு திரட்சி மட்டும் இருக்கிறது. ஜூன் 29 அன்று, அவருடைய திருநாளில், இந்தச் சிலைக்குப் பட்டு அங்கி உடுத்தி, கிரீடம் வைத்து, மோதிரமும் போடுவார்களாம். உற்சவருக்கு அலங்காரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கலைச் சரித்திரப் புத்தகங்களில் சிலையின் அமைதியைப் பற்றி இரண்டு பாரா இருக்கும். தேய்ந்த காலைப் பற்றி ஒரு வரி, அதுவும் சேதம் என்ற கணக்கில். எனக்கென்னவோ அந்தச் சிலையில் சிற்பி செய்யாத அந்தப் பகுதிதான் முடிவு பெற்றதாகத் தோன்றியது.

மருமகன் தொட்டான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டான். நான் தொடவில்லை.

மதியத்துக்கு மேல் மெட்ரோ ரயிலில் சான் ஜோவான்னி. அங்கே ஸ்காலா ஸாந்தா, புனிதப் படிக்கட்டு. பிலாத்துவின் அரண்மனையில் ஏசு ஏறிய படிகள் இவை, ஜெருசலேமிலிருந்து கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் தாய் ஹெலேனா கொண்டுவந்தாள் என்பது ஐதீகம். 28 பளிங்குப் படிகள். முழங்காலால் மட்டுமே ஏறலாம். 1723-ல் மரப்பலகை போட்டு மூடிவிட்டார்கள். நாங்கள் போன வருஷம் ஏப்ரலிலிருந்து இரண்டு மாதத்துக்கு மட்டும் பலகையை எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட 300 வருஷத்துக்குப் பிறகு, வெறும் பளிங்கில் ஏற விட்டிருந்தார்கள். எங்கள் அட்டவணையில் அது எதேச்சையாக வந்து விழுந்தது.

பளிங்கு தட்டையாக இல்லை. ஒவ்வொரு படியிலும் பள்ளம் விழுந்திருந்தது. ஆட்டுக்கல்லில் குழவி தேய்த்த இடம் போல. மூடுவதற்கு முன் ஏறியவர்கள் தேய்த்த பள்ளம். அதில் இன்றைக்கு ஏறுகிறவர்கள் முழங்காலை வைத்து, ஒரு ஜபம் சொல்லி, அடுத்த படிக்கு உடம்பைத் தூக்குகிறார்கள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒரு தடித்த அம்மாள் ஏழாவது எட்டாவது படியில் நின்றுவிட்டாள். முன்னாலும் போக முடியவில்லை, இறங்கவும் வழியில்லை. பின்னால் இருந்தவன் அவளுடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்ச்சி எனக்கு. முட்டி போட மாட்டாதவர்களுக்குப் பக்கத்தில் வேறு படிகள் இருக்கின்றன. நான் அதில் செருப்போடு - ஷூவோடு என்று சொல்ல வேண்டும் - ஏறினேன்.

"அம்மாச்சி இருந்திருந்தா ஏறியிருக்கும் மாமா," என்றான் மருமகன்.

ஏறியிருப்பாள். வேளாங்கண்ணியில் கோயிலிலிருந்து மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் அவள் முழங்காலால் போனதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. அதற்கு முந்தின வருஷம் எனக்கு டைபாய்டு. டாக்டர் கையை விரித்ததாகவும், பக்கத்து வீட்டு ஞானாம்மாள் சொல்லி அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதாகவும், விடிகாலையில் ஜுரம் இறங்கியதாகவும் வீட்டில் சொல்வார்கள். எங்கள் குலதெய்வம் ஐயனார். அதனால் ஒரு சிக்கலும் எழவில்லை. ஐயனாருக்கும் பொங்கல் வைத்தாள், மாதாவுக்கும் நடந்தாள். பாபநாசம் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாக மூன்று நாள் நடை. ஆகஸ்ட் கடைசியில், கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும்படி. செருப்பு இல்லாமல். ஏழு வருஷம் என்று நேர்ச்சை. ஏழு முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

அம்மாவின் பாதங்களை எழுத வேண்டும். குதிகாலில் பித்தவெடிப்பு, விரல் நுனி போகிற ஆழம். நடையிலிருந்து திரும்பியதும் வெந்நீரில் காலை ஊறவைத்து, செங்கல் துண்டால் தேய்ப்பாள். மண் வெடிப்புக்குள் கறுப்பாக இறங்கியிருக்கும், தேய்த்தாலும் போகாது. விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு, காலை நீட்டித் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். வேறு எந்தச் சமயத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

1979-ல் நான் ஒரு கட்டுரை எழுதினேன். முந்நூறு பிரதி அச்சிட்ட ஒரு பத்திரிகையில். அந்தக் கால வழக்கப்படி கொஞ்சம் பெரிய தலைப்பு. சாரம் இதுதான்: மதம் கை விட்டுப்போன இடத்தைக் கலை எடுத்துக்கொண்டுவிட்டது; ரஸனை இல்லாத பக்தி வெறும் உடம்பின் பழக்கம்; காலண்டர் மாதாவுக்கும் காலண்டர் முருகனுக்கும் முன்னால் விழுகிற நம் ஜனங்களுக்குச் சோழர் வெண்கலம் முன்னால் நிற்கத் தெரியவில்லை. உதாரணம் தேவைப்பட்டது. கையில் இருந்த உதாரணம் அம்மாவின் கால். பிளந்த குதிகால், அதற்குள் மண், முட்டியில் மணல் தேய்த்த புண், எல்லாவற்றையும் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். சண்டைக்காரர்கள்கூட அந்தப் பகுதியை மட்டும் பாராட்டினார்கள். இந்தப் பாதங்கள் எங்கெல்லாமோ போயிருக்கின்றன, ஒரு அங்குலம்கூட முன்னேறியதில்லை என்கிற பொருளில் ஒரு வாக்கியத்தோடு முடித்திருந்தேன்.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். பத்திரிகை வீட்டில் கிடந்தது. அக்கா படித்துக் காட்டிவிட்டாள். அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: "என் காலப் பத்தி எழுதியிருக்கியாமே." அவ்வளவுதான். கோபமா என்று கேட்டேன். சோறு போடப் போய்விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு, 1998-ல் அவள் சாகிற வரைக்கும், நான் இருக்கும்போது அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்வாள். முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது கேட்கிற வயது தாண்டிவிட்டது, எனக்கும் அவளுக்கும்.

இதையெல்லாம் நான் மருமகனிடம் சொல்லவில்லை. அவன் பஸ் நம்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி என்கிற பிரெஞ்சுக்காரர்களின் கோயில். கராவாஜ்ஜோவின் மூன்று மத்தேயு ஓவியங்கள் 1600-லிருந்து 1602-க்குள் அங்கே வந்து சேர்ந்தவை. இடது பக்கத்துச் சிற்றாலயத்தின் முன்னால் அறுபது எழுபது பேர் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒரு யூரோ போட்டால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் அணைந்துவிடும். யார் போடுவது என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு கைடு போட்டார். வெளிச்சம் வந்தது. எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பரிகாசமாக அல்ல. கர்ப்பக்கிருஹத்து இருட்டில் கற்பூரம் ஏறுகிற அந்தச் சில நொடி; மூக்கு தெரிகிறது, கண் தெரிகிறது, அதற்குள் அணைந்துவிடுகிறது; தட்டில் காசு. நம் ஊரில் வெளிச்சத்துக்கு அப்புறம் காசு, இங்கே முன்பணம். இருட்டிலிருந்து வெளிச்சத்தைப் பிடுங்கி வரைந்த ஓவியனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு யாரும் யோசித்துச் செய்திருக்க முடியாது. மியூசியத்தின் சீரான வெளிச்சத்தில் அவருடைய படங்கள் கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரியும். இங்கே, வெளிச்சம் போய்விடும் என்ற பயத்தோடு பார்க்கும்போது, சுங்க மேஜையில் காசு எண்ணிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து 'நானா?' என்பது போலப் பார்க்கிற பார்வை நெஞ்சில் தைக்கிறது.

நடுவில் இருக்கும் படம் இரண்டாவதாக வரைந்தது. முதலில் வரைந்ததை ஏற்றுக்கொள்ளவில்லை. காரணம், பெல்லோரி 1672-ல் எழுதியதன்படி, மத்தேயு கால் மேல் கால் போட்டுக்கொண்டு, பாதத்தை ஜனங்களைப் பார்க்க நீட்டிக்கொண்டு, பாமரன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எழுதத் தெரியாத குடியானவனின் கையை தேவதூதன் பிடித்து எழுத வைக்கிறான். பலிபீடத்துக்கு மேல் அந்தக் கால், பூசை வைக்கிற குருவின் தலைக்கு மேலே. பொறுக்குமா? ஒரு பிரபு அதை வாங்கிக்கொண்டார், பின்னர் பெர்லின் போயிற்று, 1945-ல் யுத்தத்தின் முடிவில் எரிந்தது. கறுப்பு வெள்ளைப் போட்டோ மட்டும் இருக்கிறது. நிராகரித்த காரணத்தைப் பற்றி இன்றைய ஆய்வாளர்களுக்கு ஏகப்பட்ட சந்தேகங்கள். காலுக்காகத்தான் என்று நம்ப எனக்கு ஆசை.

அட்டவணையில் கடைசி, சாந்தகொஸ்தீனோ, இரண்டு நிமிஷ நடை. இங்கே கூட்டம் இல்லை. இடது பக்கம் முதல் சிற்றாலயம், காவல்லெத்தி குடும்பத்துடையது. எர்மேதே காவல்லெத்தி என்கிறவர் 1602-ல் இறக்கும்போது லொரேத்தோ மாதாவுக்கு ஒரு படம் வைக்கப் பணம் எழுதி வைத்தார். லொரேத்தோ, இத்தாலியின் கிழக்கில் ஒரு யாத்திரைத் தலம். மரியாளின் வீட்டையே தேவதூதர்கள் நாசரேத்திலிருந்து தூக்கி வந்து வைத்ததாக நம்பிக்கை. அதனால் அந்த மாதாவை வரைகிறவர்கள் வீட்டுக் கூரைமேல் உட்கார வைத்து, தேவதூதர்கள் சுமக்க, ஆகாயத்தில் வரைவார்கள். கராவாஜ்ஜோ ஒரு வாசற்படியை வரைந்தார். காரை பெயர்ந்து செங்கல் தெரிகிற சுவர். நிலையில் சாய்ந்து, இடுப்பில் கனமான பிள்ளையை வைத்துக்கொண்டு, கதவு தட்டிய சத்தத்துக்கு வெளியே வந்த ஒருத்தி. எதிரே இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். கம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள், அவனுக்கு அப்பால் தலைத்துணி கிழிந்த ஒரு கிழவி. அந்த ஆளின் உள்ளங்கால்கள் நம் முகத்துக்கு நேராக நீண்டிருக்கின்றன. அழுக்கு உள்ளங்கால்கள்.

மருமகன் காசு போட்டான். இரண்டு தடவை.

பக்லியோனே என்ற சமகால ஓவியர் - 1603-ல் கராவாஜ்ஜோ மேல் அவதூறு வழக்குப் போட்டவர், ஆகவே அன்போடு எழுதியிருக்க மாட்டார் - இந்தச் சேற்றுக் காலையும் கிழிந்த தலைத்துணியையும் பார்த்து ஜனங்கள் பெரிய இரைச்சல் போட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அவர் போட்டிருக்கும் இத்தாலியச் சொல் கோழிகள் கொக்கரிக்கும் சத்தத்துக்கும் பொருந்தும். அருவருத்தார்களா, அடையாளம் கண்டுகொண்டு ஆரவாரித்தார்களா என்பது சொல்லில் இல்லை. 1600 ஜூபிலி ஆண்டில் லட்சக்கணக்கான யாத்ரிகர்கள் இந்த நகரத்துக்கு நடந்து வந்தார்கள். ஒரு சங்கம் அவர்களுக்குச் சோறு போட்டுக் காலைக் கழுவிவிட்டது. போப் எட்டாம் கிளமெண்டே கழுவியிருக்கிறார். ஆக, அழுக்குக் கால் ரோமாபுரிக்குப் புதிதல்ல. கழுவப்படுகிற கால் புண்ணியம். கழுவாத கால் பலிபீடத்தின் மேல் ஏறினால்தான் தகராறு.

நம்மிடம் பாதத்துக்குப் பஞ்சமில்லை. திருவடி என்று தொடங்கினால் முடியாது. ஆனால் அது இறைவனின் பாதம். அடியார் தம்மை அடி என்றே சொல்லிக்கொள்கிறார், அவருடைய சொந்த அடியைச் சிற்பி ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கைலாசத்தைக் காலால் மிதிக்கக் கூடாதென்று காரைக்காலம்மை தலையால் நடந்துபோனாள். பெண்ணாகடத்துக் கலிக்கம்பர், அடியாராக வந்தவன் பழைய வேலைக்காரன் என்று பாதம் கழுவ நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையையே வெட்டினார். ஒரே ஒரு விதிவிலக்கு கண்ணப்பன். கண் இருந்த இடம் தவறிவிடக் கூடாதே என்று லிங்கத்தின் மேல் காலை ஊன்றுகிறான். அந்தக் காட்சியைக் கல்லில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது. ஆனால் அவன் காலில் மண் ஒட்டியிருக்குமே என்று நான் நினைத்ததில்லை. சிற்பியும் நினைக்கவில்லை.

படத்துக்கு வருகிறேன். நாற்பது வருஷம் இதைப் புத்தகத்தில் பார்த்தபோது 'யதார்த்தம்' என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். அசட்டுக் குறிப்பு. அவர்கள் இருவரும் நடந்து போய் லொரேத்தோவில் பார்த்தது ஒரு மரச்சிலை. நகையும் துணியும் சுற்றிய சின்னச் சிலை. படத்தில் இருப்பது சிலை அல்ல, அவர்கள் பார்த்தது. கதவைத் தட்டினால் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பாள் என்று நம்பி நடந்தவர்களுக்கு அவள் அப்படித்தான் வந்தாள். கலைஞன் தன் தரிசனத்தை வரையவில்லை. தனக்கு வாய்க்காத ஒன்றை, அந்தக் கிழவிக்கு வாய்த்ததை, அவள் பின்னால் நின்று வரைந்திருக்கிறான். அவள் முகத்தில் நிறைவு. நான் முன்பே பார்த்திருக்கிற நிறைவு. அவர்கள் அவளைப் பார்க்கிறார்கள், எனக்குக் கொடுத்திருப்பது அவர்களுடைய உள்ளங்கால். டூரிஸ்டுக்கு அந்த இடம்தான். பின்வரிசை. அவமானப்படுத்துகிற இடமாக அது எனக்குப் படவில்லை, ஆனால் அதற்கு மேல் டிக்கெட் இல்லை.

காலண்டர் மாதாவைப் பற்றி நான் எழுதியது தவறு என்று தோன்றியது. காலண்டர் நல்ல படம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். படம் எங்கே நிகழ்கிறது என்பதில்தான் தவறினேன். அம்மா பார்த்தது அச்சுத்தாளை அல்ல. அவள் என்ன பார்த்தாள் என்று எனக்கு யாரும் வரைந்து காட்டவில்லை, நானும் கேட்கவில்லை, காலைப் பார்த்தேன், அதையும் கட்டுரைக்கு வேண்டிய அளவுக்கு.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஆளின் பாதங்கள்தான் தெரிகின்றன. கிழவியின் பாதங்கள் அவனுக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

விளக்கு அணைந்தது. மருமகனிடம் காசு தீர்ந்துவிட்டது. பக்கத்துக் காப்பிக் கடையில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று ஓடினான். நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு மாதா. யாக்கொபோ சான்சொவீனோ 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய பளிங்கு, பிரசவ மாதா. பழைய ரோமானியச் சிலை ஒன்றைத் திருத்திச் செய்தது என்று ஒரு பேச்சு உண்டு, உண்மையல்ல. சுற்றிலும் பிள்ளை பிறந்த நன்றிக்காக நீல ரிப்பன், ரோஜா நிற ரிப்பன், வெள்ளி இதயங்கள், போட்டோக்கள். முத்தித் தேய்ந்த பாதத்துக்கு வெள்ளிக் கவசம். ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள், கையில் கடையில் வாங்கின சாமான் பை. பையைக் கீழே வைத்தாள். பாதத்தைத் தொட்டு, அந்தக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். எதிர்த் தூணில் 1512-ல் ரஃபேல் வரைந்த எசாயா இருக்கிறார், பத்தடி தூரத்தில் கராவாஜ்ஜோ. இரண்டையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 1979-ல் இருந்திருந்தால் இவளையும் எழுதியிருப்பேன்.

கண் இருட்டுக்குப் பழகப் பழக, படத்தில் எது முதலில் திரும்ப வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவின் கழுத்தும் பிள்ளையின் தொடையும் வெளிறித் தெரிந்தன. அப்புறம் அந்த உள்ளங்கால்கள். கிழவியின் முகம் வரவில்லை. மருமகன் கை நிறையச் சில்லறையோடு திரும்பி வந்தபோது கோயிலைப் பூட்டுகிற ஆள் சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். கால் வீங்கியிருந்தது, ஷூவைக் கழற்றினேன். ஊரில் மணி இரவு பத்தரை இருக்கும், அக்கா தூங்கப் போகிற நேரம். அவனைப் போன் போடச் சொன்னேன். சாப்பிட்டியா, குளிரா, என்ன பார்த்தீங்க எல்லாம் ஆன பிறகு கேட்டேன்: "அக்கா, அந்தக் கட்டுரைய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியே. கால் பத்தி வருமே, அதையுமா படிச்சே?"

நாற்பது வருஷம் கழித்து எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"படிச்சேன். அந்த எடத்த மட்டும் ரெண்டாவது வாட்டி படிக்கச் சொல்லிச்சு."

"ஏன்?"

"தெரியல. கேட்டுச்சு. அப்புறம் புஸ்தகத்த வாங்கி எந்த எடம்னு கேட்டு, விரல வச்சுப் பாத்துச்சு. ஏன்டா?"

மருமகன் போனை வாங்கிக்கொண்டு, நாளைக் காலை அஸீஸிக்குப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.